கறுப்புக் கரையின் தடிப்பு

வடிவமைப்புக்கும் சமூக முரண்பாட்டுக்கும் என்ன உறவு என்று ஆராய்கிறவன் நான். இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று கருத்தரங்குகளில் கேட்பார்கள். ஏதாவது தத்துவம் சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் ஒரு கோட்டின் தடிப்புத்தான் என்னை இதற்குள் இழுத்து விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தேன். வேலைக்குப் பெயர் ஆர்ட்டிஸ்ட். கலியாண அழைப்பிதழ்களுக்கு நாதஸ்வரமும் தவிலும் கீறுவேன். மிச்ச நேரமெல்லாம் கண்ணீர் அஞ்சலி. பொருளாதாரத் தடையில் மையும் கடதாசியும் அருமையாகிவிட்டன; சாவுக்கு மட்டும் தடையில்லை. எங்கள் ஊரில் மதிலில் நோட்டீஸ் ஒட்டாவிட்டால் செத்தவர் முழுதாகச் செத்ததாகக் கணக்கில்லை.

ஒருநாள் குருநகரிலிருந்து ஒரு தாய் வந்தார். அவருடைய மகனை ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியன்கள் துரோகி என்று சுட்டுச் சந்தியில் போட்டிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நோட்டீஸ் வேண்டும்.

"மற்றப் பிள்ளையளுக்குப் போடுற மாதிரி வடிவாப் போடு தம்பி" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "எப்பிடிச் செத்தான் எண்டு மட்டும் போட்டிடாதை" என்று என் காதுக்குள் சொன்னார். மேலே சிலுவை, நடுவில் படம், சுற்றிலும் விரல் தடிப்பில் கறுப்புக் கரை என்று வழக்கம்போலச் செய்து வைத்தேன்.

பின்னேரம் தங்கள் நோட்டீசுகளை எடுக்க வந்த இரண்டு இயக்கப் பொடியன்கள் அதை மேசையில் கண்டுவிட்டார்கள்.

"அண்ணை, உந்தத் தடிச்ச கரை எங்கடை ஆக்களின்ரை வீரச்சாவுக்குப் போடுறதல்லோ?"

"அப்ப மெல்லிசாப் போடட்டோ?" என்று கேட்டேன்.

இருவரும் தங்களுக்குள் ஆலோசித்தார்கள். குண்டுவீச்சில் செத்த சனத்துக்கு மெல்லிய கரை சரியாம். இவனுக்கு அதுவும் கூடாதாம். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் வாழ்க்கையில் சந்தித்த முதல் வடிவமைப்புக் குழு அதுதான். அவர்களிடம் ஒரு கொள்கை இருந்தது, ஆர்ட்டிஸ்டிடம்தான் ஒன்றுமில்லை. கரையில்லாமல் அடித்தோம்.

மறுநாள் அந்தத் தாய் நோட்டீசை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கரை எங்கை தம்பி?"

"இப்ப வெளிநாட்டிலை இதுதான் பாஷன் அம்மா. கரை போடுறேல்லை."

அவர் நோட்டீசின் வெறும் ஓரத்தை விரலால் தடவினார். "ஓம், அவனுக்கும் பாஷன் எண்டால் சரியான விருப்பம்" என்றார். நோட்டீசுகளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனார். பொய் எடுபட்டுவிட்டதென்று முதலாளிக்கு ஒரே சந்தோசம்.

எனக்கு அது வரவில்லை. அந்தக் கிழமையே கோடு கீறுகிற அடிமட்டத்தோடு சைக்கிளில் மதில் மதிலாகப் போய்க் கரைகளை அளக்கத் தொடங்கினேன். எந்தச் சாவுக்கு எவ்வளவு தடிப்பு என்று அறிய வேண்டும் போலிருந்தது. என் ஆராய்ச்சியின் தொடக்கம் அதுதான். கண்ட சனம் எனக்கு மூளை தட்டிப்போட்டுது என்று முடிவு கட்டியது.

குருநகர் மாதா கோயில் மதிலில் அந்த மகனின் நோட்டீசுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி அடுப்புக்கரியால் கரை கீறியிருந்தது. கோடு கோணிக் கோணிப் போய், சில இடங்களில் மதிலிலும் ஏறியிருந்தது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பொடியன்கள் தங்கள் ஆட்களுக்குப் போடும் கரையைவிட இரண்டு மடங்கு தடிப்பு.