வெள்ளி பூசிய சிறகுகள்

யுத்த காலத்தில் ஒரு மாதா திருநாளன்று, சாந்தோமில் எங்கள் கோயில் வாசலில், எல்லோர் முன்னிலையிலும் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். செய்யாத தவறுக்கு. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. சப்பரத்துக்கு முன்னால் சம்மனசாக நடக்க அந்த வருஷம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேவதூதரை எங்கள் வீடுகளில் சம்மனசு என்றுதான் சொல்வோம். வெள்ளை அங்கியை அம்மா தைத்தாள். சிறகு செய்யும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். அவர் மவுண்ட் ரோடில் ஒரு பட்டறையில் மோட்டார் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். பெட்ரோல் தட்டுப்பாட்டில் வண்டிகள் முடங்கியதும் வேலை போய், எங்களோடு வந்து இருந்தார்.

மூங்கில் பத்தையை வளைத்துக் கட்டி, மல் துணியை அதன்மேல் இழுத்துத் தைத்து, வார்னிஷில் வெள்ளிப் பொடியைக் குழைத்துப் பூசினார். வார்னிஷும் அவரே காய்ச்சியதுதான். பூச்சை வளைந்துகொடுக்க வைக்கும் ஆளிவிதை எண்ணெய் கடைகளில் அகப்படாத காலம். குப்பியின் அடியில் இருந்ததை வழித்து ஊற்றிவிட்டு, குங்கிலியப் பிசினைத் தாராளமாகச் சேர்த்துவிட்டார். பூச்சு சீக்கிரமே காய்ந்து கண்ணாடியாக மின்னியது. நகத்தால் தட்டினால் ‘டக் டக்’கென்றது. சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார்.

பூசி மிஞ்சிய துணித் துண்டு ஒன்றை நான் எடுத்து மடித்துப் பார்த்தேன். மடித்த இடத்தில் வெள்ளி அப்பளமாக நொறுங்கி என் மடியில் விழுந்தது.

“சித்தப்பா, இது வெடிக்குது.”

“அத எதுக்கு மடிக்கிற? றெக்கைய யாராவது மடிச்சுப் பொட்டியில வெக்கப் போறாங்களா?”

“நான் நடக்கறப்போ ஆடுமே.”

“சம்மனசு ஆடாம நடக்கும்” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் மாலை சப்பரம் புறப்பட்டது. நான் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் கடற்காற்றை நான் என்ன செய்ய முடியும்? தெரு முனை திரும்பியதும் அது சிறகுகளைப் பிடித்து முன்னும் பின்னும் வளைத்தது. துணி வளைந்து கொடுத்தது. பூச்சு வளையவில்லை. பட் பட்டென்று வெடித்து, என் தோளிலும் தலையிலும் பின்னால் வந்த பாடகர் குழுவின் மேலும் உதிர்ந்தது. ஓரமாக நின்ற மீன்காரம்மா ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், “இன்னாடி இது, சம்மனசு செதில உதுத்துக்கினு போவுது” என்றாள். தெருவே சிரித்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

கோயில் வாசலில் பங்குச் சாமியார் என் சிறகைப் பிடித்துப் பார்த்தார். வெறும் துணிதான் மிச்சம். “என்ன ஆச்சு?” என்று சித்தப்பாவைக் கேட்டார்.

“பூச்சுல குத்தமில்ல, சாமி. புள்ள ஒழுங்கா நடக்கல. குதிச்சுக்கிட்டே வந்திருக்கு.”

“நான் குதிக்கவே இல்ல. நேத்தே மடிச்சுக் காட்டினேன்” என்று கத்தினேன்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பொய் சொல்லும் பையன்களைப் பிரம்பால் வெளுப்பவர். அவர் குனிந்து என் தோளிலிருந்து ஒரு வெள்ளிச் சில்லை எடுத்து, இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினார். அது மாவாகப் போயிற்று. தன் தம்பியை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னிடம், “சித்தப்பாகிட்ட மன்னிப்புக் கேளு” என்றார்.

கேட்டேன். சாமியார் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, கோயில் கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேவைப்படுவதாகவும் திங்கட்கிழமை வந்து பார்க்கும்படியும் சித்தப்பாவிடம் சொன்னார். அந்த வேலை சித்தப்பாவுக்கே கிடைத்தது. கதவுகளில் பூச்சு நின்றது. கதவுக்குச் சிறகு கட்டி யாரும் தெருவில் நடக்க விடுவதில்லை.

வெகுநாள் நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என்னை நம்பவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முழுக்க நம்பினார் என்பதும், நம்பிக்கொண்டேதான், வேலையில்லாத தம்பியின் பேர் கெடாதிருக்க அப்படிச் சொன்னார் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. நம்பாமல் சொல்லியிருந்தால் அவரை எப்போதோ மன்னித்திருப்பேன்.