ஒரே மாதிரி பன்னிரண்டு பூ

என் அம்மாவுக்கு ஒரு பூவை இரண்டு முறை போடத் தெரியாது என்று எங்கள் அத்தை பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. தோட்டத்துப் பூ அல்ல, நூலில் போடுகிற பூ. டாட்டிங் என்பார்கள். விரல் நீளத்தில் படகு போல ஒரு ஷட்டில், அதில் சுற்றிய வெள்ளை நூல், பத்து விரல்கள், இவ்வளவுதான் தேவை. இடது கையில் நூலை வளையமாகப் பிடித்து, ஷட்டிலை அதற்கு அடியிலும் மேலுமாக விட்டு முடிச்சு முடிச்சாகப் போட வேண்டும். பிறகு இழுத்தால் வளையம் சுருங்கி ஓர் இதழாகும். இதழின் ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணிகள் நிற்கும். அவற்றை எங்கள் வீட்டில் காது என்போம். ஒரு பூவின் காதை அடுத்த பூவின் காதோடு கோத்துக்கொண்டே போனால் துணியாக வளரும்.

அம்மா சிறுவயதில் விடுதியில் தங்கிப் படித்தபோது அவளைப் பிடித்துக்கொண்ட பழக்கம். எங்கள் எஸ்டேட் குன்னூருக்குக் கீழே இருந்தது. அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. உலர்ந்து வந்த தேயிலைக் குவியலிலிருந்து சிவந்த காம்புகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். காலையில் பொறுக்கிய காம்பு மாதிரியேதான் மாலையில் பொறுக்குகிற காம்பும் இருக்கும். வீடு திரும்பும்போது புருவத்தில்கூடத் தேயிலைத் தூசி படிந்திருக்கும். அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்து, எனக்கும் அப்பாவுக்கும் போட்டு, தானும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு ஷட்டிலை எடுப்பாள். அவ்வளவு அசந்து போனவள் படுத்துத் தூங்க வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றும்.

அதிலும் ஒழுங்காக ஒன்றைப் போட்டாளா என்றால் இல்லை. டாட்டிங் முடிச்சுக்கு இரண்டு பாதி உண்டு. ஒருநாள் முதல் பாதியை மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சரம் தானாகவே முறுக்கிக்கொண்டு சுழன்றது. அதைத் தொங்கவிட்டுப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாள் வளையத்துக்குள் வளையம். இன்னொரு நாள் காதுகளை ஒன்று நீளம் ஒன்று குட்டையாக விட்டு, வேலியோரத்துப் பெரணி இலை மாதிரி ஒன்று. முடிந்ததும் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பாள். அதற்குப்பின் அது எங்கே போயிற்று என்றுகூடக் கேட்கமாட்டாள். என் பாடப்புத்தகங்களில் அடையாளத்துக்கு வைத்தவையெல்லாம் அவைதான்.

அத்தை அப்பாவின் அக்கா. பள்ளிக்கூட டீச்சர், எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. அந்த வருஷம், அறுவடைக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகைக்குள் திருவிருந்து மேசைக்குப் புதிய லேஸ் விரிப்பு ஒன்று செய்வதாகச் சங்கத்தில் முடிவாயிற்று. ஆளுக்குப் பன்னிரண்டு பூ. எல்லாம் ஒரே அச்சு. நடுவில் ஒரு வளையம், சுற்றிலும் ஆறு இதழ், இதழுக்கு மூன்று காது. பூ கொடுத்த பெண்கள் பண்டிகையன்று விரிப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து போய், சபை முழுவதும் பார்க்க மேசைமேல் விரிப்பார்கள்.

அந்த வரிசைதான் என் கண்ணிலேயே நின்றது. கணக்கர் மனைவி, நர்ஸம்மா, டீச்சர்மார் எல்லாம் நடக்கிற வரிசையில் காம்பு பொறுக்குகிற என் அம்மாவும் நடப்பாள். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியே விட்டேன்.

அம்மா முதல் பூவை அச்சு மாறாமல் போட்டாள். இரண்டாவதில் ஏழு இதழ் வந்தது. மூன்றாவதில் இதழ்கள் முறுக்கிக்கொண்டு நின்றன. அத்தை வந்து மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆறு எதழு வர்ற எடத்துல ஏழக் கொண்டாந்தா காதோட காது எப்படிச் சேரும்?”

“ஒண்ணுதான் போட்டாச்சுங்களே அண்ணி. அதையே எதுக்குங்க இன்னொருக்கா போடோணும்?”

அம்மா வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். வருஷா வருஷம் ஒரே பாடத்தை நடத்துகிற அத்தையிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பண்டிகைக்குள் பன்னிரண்டும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

எனக்காகத்தான் அம்மா மறுபடி உட்கார்ந்தாள். அச்சுப் பூவையே போட்டாள். தொழிற்சாலைக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோகும்போது அங்கே அம்மாவிடம் நான் பார்க்கிற களையற்ற முகம் ஒன்று உண்டு. அந்த முகம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு பூவோடு நின்றது. மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு, “என்னால முடியலீங்க” என்றாள் அப்பாவிடம். நான் ஓவென்று அழுதேன்.

அப்பா எஸ்டேட் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு மேட்டுப்பாளையம் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். போய்க் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து ஷட்டிலை எடுத்தார்.

“ஏம்புள்ள, இத எப்படிப் போடறது? எனக்கு ஒருக்காக் காட்டு.”

தேயிலைப் பெட்டிகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறவருக்கு முடிச்சு புதிதல்ல. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஷட்டில் நூலில் விழுகிற முடிச்சு, இழுக்கும்போது புரண்டு விரலில் இருக்கிற நூலுக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அங்கேயே இறுகிவிடும். வளையம் சுருங்காது, பிரிக்கவும் வராது, வெட்டி எறிய வேண்டியதுதான். அது மாற, இடது கை கொஞ்சம் தளர்ந்து கொடுக்க வேண்டும். அப்பாவின் கைக்கு இறுக்கத்தான் தெரியும். “உடுங்க, கைய லேசா உடுங்க” என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரித்து நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

கை பழகியபின் அப்பாவை நிறுத்த முடியவில்லை. தினமும் அதே மலைப்பாதையில் அதே வளைவுகளில் அதே கியரைப் போட்டுப் போகிறவர். ஒரே மாதிரி செய்வதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உடைந்த சோப்பு டப்பாவின் மூடியை வெட்டி ராவித் தனக்கென்று ஒரு ஷட்டில் செய்துகொண்டார். மலைப்பாதை நடுவே பர்லியாரில் லாரியை நிறுத்தி இன்ஜினை ஆறவிடுகிற நேரத்தில்கூட சீட்டில் உட்கார்ந்து போட்டாராம். மற்ற டிரைவர்கள் கேட்டால் வலை பின்னுகிறேன் என்று சொல்வாராம். இந்த மலையில் எந்த மீனுக்கு என்று யாரும் கேட்கவில்லை போலும். பூக்களில் டீசல் வாசம் அடித்தது. வெள்ளை நூல் சாம்பல் நிறமாகிவிட்டது. அம்மா சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து அலசிக் காயப்போட்டாள். மற்ற நேரங்களில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை வந்து பன்னிரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள்.

“இப்பத்தான் உனக்குக் கை வந்துருக்குது” என்றாள் அம்மாவிடம். “நூலு மட்டும் கொஞ்சம் மங்கலாருக்குது.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா டயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். வாசலில் லாரியே இல்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம் கொழுந்து வரத்து அதிகம். அம்மாவுக்குத் தினமும் ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை மழையில் பஸ் தாமதமாகி, நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் தொடங்கியிருந்தது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்றெல்லாம் பார்க்காமல் கடைசி பெஞ்சில் மூவருமாக ஒட்டிக்கொண்டோம். என் கண் முன்வரிசையிலேயே இருந்தது. பிரசங்கம் முடிந்து, அத்தை எழுந்து பூ கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மாவின் பெயர் வந்தது. திரும்பிப் பார்த்தால், அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

உலுக்கப் போன என் கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

“உடு கண்ணு. தூங்கட்டும்.”

“பேரு கூப்படறாங்கப்பா.”

“கூப்படட்டும்.”

அத்தை இன்னொரு முறை கூப்பிட்டாள். கண்ணாடிக்கு மேலாகத் தேடினாள். அப்பா தோளை அசைக்காமல் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். பெண்கள் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதில் எங்கள் வீட்டுப் பூக்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

பாட்டுத் தொடங்கியபோது அம்மா கண் விழித்தாள். “ஆயிருச்சுங்களா?” என்று கேட்டாள். ஆயிற்று என்றார் அப்பா. அம்மா தலையசைத்துவிட்டுப் பாட்டில் சேர்ந்துகொண்டாள். வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. நாளைக்கு வகுப்பில் நான் என்ன சொல்வேன்?

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா சற்றுத் தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மா முன்னால் நடக்க வேண்டாம் என்றால், அத்தனை பூவையும் உட்கார்ந்து உட்கார்ந்து எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“உங்கம்மா அதப் போடாம இருக்கோணும்னுதான் கண்ணு” என்றார்.

பெரியவர்களுக்குச் சில சமயம் கேள்வியே புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.