கோரைக்குத் தண்ணீர் விட்ட கதை

திருவிடந்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்துக்கு இரண்டு பேர் போட்டி. எனக்கு அதில் கத்தரி நாற்று விட வேண்டும். என் மனைவிக்குத் தையல் கொட்டகை போட வேண்டும். நான் விதைத்தபோதெல்லாம் கோரைப்புல் முந்திக்கொண்டு நாற்றை மூடியது. இந்தத் தடவையும் கோரை வந்தால் இடம் அவளுக்கு என்று ஒப்புக்கொண்டேன். நியாயம் அவள் பக்கம்.

உரக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். பாத்தி கட்டி, விதை போடாமல் தண்ணீர் மட்டும் விட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கோரை முழுக்க மேலே வந்ததும் களைக்கொல்லி அடித்தால், மருந்து இலை வழியாகக் கிழங்குக்கு இறங்கி அடியோடு கருக்கிவிடும். அதற்கப்புறம்தான் விதை. கோரைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டியவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். அறுவடை எப்போது என்று தெருவே விசாரித்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். என் பயிரில் வாய் வைக்கவிடாமல் விரட்டினேன்.

கோரை ஜோராக வளர்ந்தது. ஒரு ஞாயிறு காலை, கடல்காற்று எழும்புவதற்கு முன்னால், முகத்தில் துணி கட்டிக்கொண்டு மருந்து அடித்தேன். கருக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், பக்கத்தில் போகாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, மறுநாள் கோவளத்துக்கு ஓட்டல் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்தி மொட்டையாக இருந்தது. அவள் என் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மருந்து டூப்புயா. ஒரு வாரம்னு கடக்காரன் கத வுட்டுக்கீறான், ஒண்ணுகூட வாடல. நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு உக்காருவியேன்னு நானே கொத்திட்டேன். நல்லா கீதா?"

இலையே போய்விட்டால் மருந்து எப்படிக் கிழங்குக்கு இறங்கும்? ஆனால் மருந்து போலி என்று நினைத்தவள் சும்மா இருந்திருந்தாலே கொட்டகை அவளுக்குத்தானே. அதை விட்டுவிட்டு வெயிலில் குனிந்து எனக்காகக் கொத்தியிருக்கிறாள். அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ரொம்ப நல்லா கீது" என்றேன்.

மறுவாரமே கோரை தலையை நீட்டியது. இனி மறைக்க முடியாது என்று விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். பேசினபடி இடத்தைச் சமப்படுத்திக் கொடுத்துவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கோரைக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள்.