என் மனைவி எழுதிய நாவல்

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு நாவல் எழுதினேன். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் மனைவியின் பெயரைப் போட்டேன். இது ஒன்றும் பெரிய மோசடி இல்லை. அந்த நாளில் மாத நாவல் எழுதிய பெண்கள் பலருக்கு மீசை இருந்தது. பெண் பெயரென்றால் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பக்கமாவது புரட்டுவார்கள் என்பது மற்றவர்களின் காரணம். என் காரணம் வேறு. நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா. அச்சில் ஒரு வரி வருவதானாலும் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். கல்யாணமான பெண் ஒருத்தி இன்னொருவனிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கதையை, கஞ்சி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரிடம் எந்த வாக்கியத்தில் தொடங்கி விளக்குவது?

மனைவியிடம் கேட்டேன்.

"பேரைத்தானே கேக்கறீங்க, எடுத்துக்கோங்க" என்றாள், பருப்பு களைந்தபடியே. கதை என்னவென்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குக் கற்பனை குறைவு, கண் மட்டும் உண்டு. கதாநாயகிக்குக் குவார்ட்டர்ஸில் மாடி வீடு கொடுத்தேன். பின்பக்கத்துப் பால்கனியில் நின்று தலை உலர்த்தும் பழக்கம், அரக்கு நிறத்தில் ஒரு மெல்லிய வாயில் புடவை, எல்லாம் வீட்டிலிருந்து எடுத்தவை. கணவனாக, சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் புத்தகத்தை விரித்துவைக்கிற ஒருவனைப் போட்டேன். அவனை எங்கிருந்து எடுத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. காதலனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பகலில் குவார்ட்டர்ஸுக்குள் தாராளமாக வந்துபோகும் ஆண்மகன் யார் என்று யோசித்து, கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனைப் பிடித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவள் அழுதுகொண்டு கணவன் காலில் விழுந்து திருந்திவிடுவாள்.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் வாங்கிய புத்தகம் எட்டு வீடும் சுற்றும். படித்து முடித்தவர்கள் கடைசி வெற்றுப் பக்கத்தில் வீட்டு நம்பரைப் போட்டு ஒரு வரி எழுதிவைப்பார்கள். 'சுமார்.' 'அழுதுவிட்டேன்.' 'அச்சுப்பிழை அதிகம்.' என் நாவல் அச்சில் வந்தபோது நாங்கள் வாய்திறக்கவில்லை என்றாலும் அட்டையில் பெயர் இருந்ததே. புத்தகம் சுற்றிக்கொண்டு கடைசியாக எங்களிடம் வந்தபோது பின்பக்கத்தில் ஏழு வீட்டு நம்பரும் இருந்தன. அபிப்பிராயம் ஒன்றுகூட இல்லை.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் கீழ் வீட்டுத் திருநெல்வேலி அம்மாள். கண்ணால் பால்கனியை ஒரு தடவை அளந்துவிட்டு, "ஏன் மதினி, இந்த மாசம் மீட்டர் பாக்க ஆளு வந்தாச்சா?" என்றாள்.

நிஜமான மீட்டர்க்காரர் ஓய்வுபெறும் வயதில், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். அந்த மாதம் அவருக்கு எந்த வீட்டிலும் தண்ணீர் கிடைக்கவில்லை. எங்கள் மாடிக்கு அவர் ஏறியபோது, இறங்கும்வரை கீழ் வீட்டம்மாள் படியிலேயே நின்றாளாம்.

மனைவி அன்று மதியமே புத்தகத்தைப் படித்துவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. பால்கனிக்குப் போவதை விட்டுவிட்டு, சமையலறை ஜன்னலோரம் தலையை உலர்த்திக்கொண்டாள். நவராத்திரி வந்தது. பிளாக்கில் ஒரு வீட்டிலிருந்தும் அவளை வெற்றிலை பாக்குக்கு அழைக்கவில்லை. பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்திருந்தவள், பத்தாம் நாள் அதை மடித்து உள்ளே வைத்தாள்.

"நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன்."

"சொன்னா ஆபீஸ்ல?"

"மெமோ கொடுப்பாங்க. அதுக்கு மேலயும் போகலாம்."

"அப்ப சும்மா இருங்க."

இருந்தேன். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

பத்திரிகையிலிருந்து ஒரு காக்கி உறையில் வாசகர் கடிதங்கள் வந்தன, அவள் பெயருக்கு. பூந்தமல்லிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், குடும்பப் பெண்கள் எழுதுகிற எழுத்தா இது என்று கேட்டிருந்தார். அம்பத்தூர்க்காரர் ஒருவர், 'உங்கள் கணவரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. திருவேற்காட்டிலிருந்து ஒரு பெண், 'அக்கா, காலில் விழுகிறதை மட்டும் நம்ப முடியவில்லை. மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை மட்டும் மனைவி தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தப் பட்டுப்புடவை மடிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மெமோ வந்தால் வரட்டும் என்று ஒருநாள் துணிந்தேன். கேன்டீனில் என்னோடு டீ குடிக்கும் மேனாம்பேட்டுக்காரனைத் தேர்ந்தெடுத்தேன். அவனிடம் மதியம் சொன்னால் சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அந்தக் கதையை எழுதினது நான்தான்" என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னா மாமே, நீயா? லீவ் லெட்டர் எய்தவே நாலு பேப்பர் கியிப்ப. பொம்பள மன்சு உனக்கு இன்னா தெரியும்? ஊட்டுக்காரிய காப்பாத்த பயிய நீ ஏத்துக்கினு கீற." என் தோளைத் தட்டினான். "பெரிய மன்சன்யா நீ!"

சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. நாவல் உண்மை என்பதும், நான் பெரிய மனிதன் என்பதும். அதுவரை வெறும் சந்தேகமாக இருந்ததற்கு என் வாயாலேயே முத்திரை குத்திவிட்டு வந்திருந்தேன். கீழ் வீட்டம்மாள் படியில் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் யாருக்குக் கிடைப்பாக" என்றாள், மாடிக்குக் கேட்கும்படி.

மனைவி ஜன்னல் திண்டில் இன்லண்ட் லெட்டர் ஒன்றை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நம்பினாங்களா?"

"இல்லை."

"அப்ப விடுங்க."

"யாருக்கு எழுதறே?"

"திருவேற்காட்டுப் பொண்ணுக்கு. கால்ல விழற அத்தியாயம் நான் எழுதினதில்லேன்னு சொல்றேன்."

"நீ எதையுமே எழுதலையே."

"அதைத்தான் நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்தீங்களே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "பேர் போனது போயிடுச்சு. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, அவ ஒருத்திதான் அக்கான்னு கூப்பிட்டிருக்கா. அவகிட்டயும் என் புருஷன் எழுதினதுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"மத்த அத்தியாயமெல்லாம்?" என்று கேட்டேன்.

அவள் நான்கு சோற்றுப் பருக்கைகளை எடுத்து, விளிம்பில் வைத்து நசுக்கி, கடிதத்தை ஒட்டினாள்.

"காலையில வேலைக்குப் போறப்ப பெட்டியில போட்டுடுங்க."

மறுநாள் தபால் பெட்டிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். அனுப்புநர் என்ற இடத்தில் அவள் பெயரை அவளே எழுதியிருந்தாள், முழுப் பெயராக. கடிதத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நீலக் காகிதத்தின் மடிப்புகளுக்குள் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. போட்டுவிட்டேன்.