நண்டுகள் வாசலை அடைக்கும் நேரம்

அப்பாவின் அஸ்தியைக் கரைக்கப் போன காலையில், பஞ்சாங்கத்தைப் பார்த்த நாங்கள் யாரும் கடலைப் பார்க்கவில்லை. தெலுக் கும்பார் கடற்கரையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. நடுவில் வெறும் சேறு, சேறு முழுக்கச் சின்னச் சின்ன வளைகள். வளை வாசல்களில், ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள் அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன.

பூசாரி மணலில் சடங்கை முடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் வந்துரும் தம்பி. சேத்துலயே வெச்சிட்டு வாங்க, தண்ணி வந்து எடுத்துக்கும்லா" என்றார். என் தம்பி அஸ்திக் கலயத்தோடு இறங்கினான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள். முழங்கால்வரை புதைந்து, வேட்டியெல்லாம் சேறாக, கலயத்தோடே திரும்பி வந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆயுசு முழுக்கப் பிறை ஊர்த் தொழிற்சாலையில் நின்று உழைத்த மனிதரை நண்டு வளைமேல் வைத்துவிட்டுப் போவதா? "தண்ணி வரட்டும், நாங்க இருக்கோம்" என்றேன். பூசாரிக்கு இன்னொரு வீட்டில் வேலை இருந்தது. கிளம்பிவிட்டார்.

கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வேலை இல்லாததால் நண்டுகளைப் பார்த்தோம். வெயில் ஏறியபோது அவை கை ஆட்டுவதை நிறுத்தின. ஒவ்வொன்றாகக் கொஞ்சம் சேற்றை உருட்டி இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, வாசலை அடைத்துக்கொண்டன. அதன்பிறகுதான் தண்ணீர் வருவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

"அப்பா மாதிரியே இருக்குக்கா" என்றான் தம்பி.

அம்மா போனபின் வீட்டில் நாங்கள் மூவர்தான். வெளியே கிளம்பினால் கடைசியாக வருபவர் அப்பா. கேட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், கார்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் இழுப்பார். பூட்டுக்கு வலிக்கப்போகிறது என்று கேலி செய்வோம். அதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் தம்பி கலயத்தை வாங்கிக்கொண்டு இறங்கினான். முழுகி எழுந்தபோது அவன் கையில் ஒன்றுமில்லை.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக் கேட் அகலத் திறந்து கிடந்தது. வாசல் கதவும் அப்படியே. உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, எதுவும் களவு போகவில்லை.

"நீ பூட்டலையாக்கா?" என்றான் தம்பி.

"நீ பூட்டிருப்பேன்னு நெனச்சேன்."

காலையில் காரில் ஏறியபோது, வீட்டைப் பூட்டுகிறவர் என் மடியில் இருந்தார்.