கையுறைக்குள் அடைத்த பட்டு

மகள் பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். நேற்று அவளுக்குச் சிவப்புக் கையுறை வந்தது. பெட்டியைப் பிரித்ததும் வீடெல்லாம் புது ரெக்சின் வாசம். மாட்டிக்கொண்டு சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "வலிக்கவே இல்லப்பா!" என்று சிரித்தாள். நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் நாங்கள் குத்திப் பழகிய கையுறைக்கு இந்த வாசம் கிடையாது. மழையில் நனைந்த செருப்பு மாதிரி நாறும். என் சிநேகிதன் தயாளன் சென்னையில் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்தது. அவன் களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நான் ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் இருந்தேன். மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் போலீஸ் வேலைக்கு உதவும் என்று யாரோ சொல்லப்போக, இருவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. எனக்கு அப்போது ஊதினால் பறக்கிற உடம்பு. அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் முறைத்துப் பார்த்துப் பழகியதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மில் களத்தில் நெல் காயப்போடுவதற்கு முன்னால், விடிந்ததும் பயிற்சி. கையுறையில் பஞ்சு நசுங்கிச் சப்பையாகிவிட்டிருந்தது. குத்தினால் என் விரல் முட்டிதான் வீங்கும். அப்புறம் பட்டறையில் அறுந்த நூலை முடிச்சுப் போட விரல் மடங்காது. அதனால் என்னை அறியாமலே பாதிப் பலத்தில்தான் குத்துவேன்.

"இன்னாடா, கொசு அடிச்சிகினு கீற? போட்டில வர்றவன் இப்டியா குத்துவான்?" என்று தயாளன் கிண்டலடிப்பான்.

பட்டறை மூலையில் கழிவுப் பட்டு குவிந்துகிடக்கும். மேஸ்திரியிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கினேன். கையுறையின் தையலைப் பிரித்து, அடைத்து, மறுபடி தைத்தேன். தலையணை மாதிரி உப்பிவிட்டது. தயாளன் முகத்துக்கு வலிக்கக் கூடாது என்றுதான் செய்தேன், சத்தியமாக. ஆரணிக்காரனுக்குப் பட்டுக்கா பஞ்சம் என்று பெருமை வேறு.

அதற்குப் பிறகு என் கை வலிக்கவில்லை. கை வலிக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்று உடம்புக்குத் தெரியாது போலிருக்கிறது. அவன் தடுத்துப் பழகுவான், நான் இருக்கிற பலத்தையெல்லாம் அவன் தலையில் இறக்குவேன். உதடு கிழியாது, மூக்கில் ரத்தம் வராது.

"வலிக்குதாடா?"

"சும்மா உடுறா. மெத்தைல சாஞ்ச மாதிரி கீது."

இரண்டு மாதம், தினமும்.

பிறகு அவனுக்குத் தலைவலி வந்தது. தவிட்டுத் தூசி என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டான். ஒருநாள் மில்லில் வாந்தியெடுத்து விழுந்தான். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூளையில் ரத்தம் கசிந்து உறைந்திருந்தது. அறுவை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். கையுறை மெத்தென்றுதான் இருந்தது சார் என்றேன்.

"அந்த மெத்து உங்க கைக்குத்தாங்க. கை வலிச்சிருந்தா நீங்களே மெதுவா குத்தியிருப்பீங்க. உள்ள அவர் மூளை ஒவ்வொரு குத்துக்கும் குலுங்கிகிட்டுதான் இருந்திருக்கு" என்றார்.

வெளியே பெஞ்சில் தயாளனின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"நீ வெறுங்கைல குத்தினியா கண்ணு?"

"இல்லமா. கையுறை போட்டுகினுதான். உள்ள நெறைய பட்டு வெச்சி."

"அப்போ உன் மேல இன்னா தப்பு? அழுவாத."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதை நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

தயாளன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. இருபது வருடமாக, போகும்போதெல்லாம் புதிதாக எழுந்து நிற்கிறான். "வாங்க, உக்காருங்க. யாரு வோணும்?" என்கிறான். 'டா' போடாமல் என்னைக் கூப்பிட்டே அறியாதவன்.

மில் களம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. போன மாசியில் அவன் அம்மாவும் போய்விட்டார். இருந்தவரை, யார் வந்தாலும் என் கையைப் பிடித்து, "எம்புள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னு பட்டு வெச்சித் தெச்ச புள்ள இது" என்று காட்டுவார். நானும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பார், மண்ணை வாரித் தூற்றியிருப்பார். ஒருவேளை அதற்கப்புறம் மன்னித்தும் இருப்பார். இனி என்னைத் திட்டுவதற்குக்கூட யாரும் இல்லை.