மஸார் தெரியாத பாதை

சல்கினுக்கு ஊரில் ஆட்டுக்காரி என்று பெயர். அவளிடம் ஒரு ஆடுகூடக் கிடையாது. ஆடு மட்டுமே போகிற இடங்களில் அவளும் போவதால் வந்த பெயர் அது. மலைக்கு அப்பால் இருக்கும் மஸாருக்கு, ஒரு மகானின் சமாதிக்கு, எல்லோரும் கணவாய் வழியே போவார்கள். இவளோ முடியாதவர்களை யாருக்கும் தெரியாத பக்கப் பாதைகளில் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள்.

மஸார் கண்ணில் பட்ட இடத்தில் குதிரையை விட்டு இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து நடைதான். பெரிய அதிகாரியே வந்தாலும் நடைதான். கணவாய் வழியிலோ உச்சிக்கு ஏறியதுமே வெள்ளைக் குவிமாடம் கீழே பல்லைக் காட்டும். அப்புறம் அரை நாள் நடக்க வேண்டும்.

அவள் அண்ணன் ஷாம்பெத், காய்ச்சலில் கிடந்த மகள் பிழைத்தால் வருகிறேன் என்று அந்த மஸாருக்கு நேர்ந்துகொண்டவர். மகள் பிழைத்தாள். கல்யாணமாகி, அப்பாவைவிடச் சத்தமாகச் சண்டை போடவும் கற்றுக்கொண்டாள். இவரோ அடுத்த கோடை, அடுத்த கோடை என்று தள்ளிப்போட்டார். இப்போது கால் இரண்டும் வீங்கிவிட்டன. வாசலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. இன்னொரு கோடை இவருக்கு இல்லை என்று வைத்தியர் சல்கினிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அவள் ஓடை ஓடையாக இறங்கித் தேடினாள். கடைசியில் கிடைத்தது ஒரு வழி. ஆர்ச்சா மரங்கள் அடர்ந்த சரிவு. கடைசித் திருப்பம்வரை மஸார் தெரியாது. திரும்பினால் கூப்பிடு தூரம்தான்.

"இது ஏமாத்து வேலைடி," என்றார் ஷாம்பெத் குதிரைமேல் இருந்தபடி.

"கண்ணுல பட்டாத்தானே இறங்கணும்? படலைன்னா நாம என்ன பண்ண? பேசாம வாண்ணே. உன்னைச் சுமக்கிற குதிரையே இவ்வளவு புலம்பலை."

பாதிச் சரிவில், முன்னால் போன சல்கின் நின்றுவிட்டாள். சமீபத்தில் அடித்த காற்றில் இரண்டு ஆர்ச்சா மரங்கள் சாய்ந்துகிடந்தன. அந்த இடைவெளியில், வெகு கீழே, குவிமாடம். சட்டென்று அங்கியைக் கழற்றி இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.

"என்னடி, துணி காயப்போடறியா?"

"வேர்க்குதுண்ணே. நீ அந்தப் பக்கம் பாரு, எவ்வளவு பெரிய கழுகு!"

ஷாம்பெத் இல்லாத கழுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ கையைத் தூக்கறதுக்கு முந்தியே பாத்துட்டேன், சல்கின்."

"பாதியாவது குதிரையில வாண்ணே. உன்னால முடியாது."

"என் மக பாதி பிழைக்கலையேடி."

இறங்கினார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு மரம் உட்கார்ந்து எழுந்து நடந்தார். அவள் அன்று அப்புறம் ஒரு கேலிகூடப் பேசவில்லை. அவர் மஸாரின் நிலைப்படியில் நெற்றியை வைத்தபோது வெயில் மலையை விட்டுப் போயிருந்தது.

முதல் பனி விழுந்தபோது அவர் இல்லை.

மறு வசந்தத்தில் சல்கின் அந்த இடைவெளியில் இரண்டு ஆர்ச்சா கன்றுகளை நட்டாள். "இது மறைக்கிற உயரம் வளர உன் பேரன் காலம் ஆகுமே, ஆட்டுக்காரி!" என்று ஊரே சிரித்தது.

"அப்பவும் கால் வீங்கும்," என்றாள்.

அதுவரைக்கும் அந்த இடம் வந்ததும் அங்கியை விரித்துக்கொண்டு அவளே நிற்கிறாள். பார்க்க வேண்டும் என்பவர்கள் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். மற்றவர்கள் கழுகைத் தேடுகிறார்கள்.